பச்சை யானை தின்ற போன்

வெள்ளவத்தையில், காலி வீதியோரம், கைருன்னிஸாவின் போன் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் யானை நின்றது. பச்சை நிறம். தும்பிக்கையைத் தூக்கி வாயைப் பிளந்து, தேர்தலில் வென்றவனைப் போல் சிரித்துக்கொண்டு நின்றது. பழைய போன்களை அதன் வாயில் போடவேண்டும். போட்டதும் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் நன்றி சொல்லும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ‘நீங்கள் பூமியைக் காப்பாற்றினீர்கள்’ என்ற அந்தக் குரல், தமிழில் மட்டும் ‘பூமி உங்களைக் காப்பாற்றியது’ என்றது. கைருன்னிஸா கம்பனிக்குச் சொல்லிப் பார்த்தாள். தமிழ்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

யானையை வைத்தது சிலோனெட்ரா என்கிற தொலைபேசிக் கம்பனி. கைருன்னிஸா அதன் முகவர். சிம் விற்பாள், ரீலோட் போடுவாள், உடைந்த போன்களைத் தானே திறந்து திருத்துவாள். வருடம் முழுக்கப் புதுப் போன்களை இறக்கி, போன வருடத்துப் போனைக் கையில் வைத்திருப்பவனைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளிப்பதாக விளம்பரம் எடுக்கிற கம்பனி அது. அதற்கு ஒருநாள் திடீரென்று பூமியின்மேல் பாசம் பொங்கியது. ஏன் பொங்கியது என்று கைருன்னிஸா அதிகம் யோசிக்கவில்லை. பச்சையாக அறிக்கை காட்டுகிற கம்பனிகளுக்கு வெளிநாட்டு வங்கிகள் வட்டியைக் குறைக்கின்றன என்று பத்திரிகையில் படித்திருந்தாள். புறக்கோட்டைப் புடவை வியாபாரியின் மகள் அவள். வட்டி குறைகிற பக்கம் மனிதர்களின் இருதயம் சாய்வதை நடக்கப் பழகிய காலத்திலிருந்தே பார்த்து வந்தவள்.

யானையோடு ‘இலை’ என்று ஒரு மொபைல் அப்பும் வந்தது. போனைப் போடுகிறவர் தன் நம்பரைப் பதிந்தால், யானையின் வயிற்றிலிருக்கும் பைக்குள் வைத்த சின்னக் கருவி ஒன்று அந்தப் பை போகிற இடமெல்லாம் வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டும். ‘உங்கள் போனின் பசுமைப் பயணத்தைப் பின்தொடருங்கள்’ என்று கடைக் கண்ணாடியில் பெரிய பதாகை. பதாகையும் பிளாஸ்டிக்தான். மழை, வெயில் எதற்கும் அழியாது. பூமி அழிந்தாலும் அந்தப் பதாகை மிஞ்சும்.

இதையெல்லாம் கொண்டுவந்து இறக்கியவன் ஜொனாதன். கம்பனியின் நிலைபேறுப் பிரிவு அதிகாரி. நிலைபேறு என்றால் என்ன தம்பி என்று கைருன்னிஸா கேட்டபோது, “சஸ்டைனபிலிட்டி அன்ரி” என்றான். விளங்கிவிட்டது போல அவளும் தலையை ஆட்டினாள். ஜொனாதன் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. ஆனால் யாராவது ஊரைக் கேட்டால் ‘கொழும்பு பதின்மூன்று’ என்பான். தபால் இலக்கத்தில் சொன்னால் துறைமுகத்து மீன் வாடை வராது என்று நினைத்திருக்கலாம்.

“ஆக்கள் கேட்டா நீங்க ஒண்டும் விளக்க வேணாம் அன்ரி. பத்திரமாப் போகும் எண்டு மட்டும் சொல்லுங்க. உங்கட வாய்ச் சொல்லைத்தானே இந்த ரோட்டில நம்புறாங்கள்.”

அது உண்மை. கைருன்னிஸா விலையை ஏற்றிச் சொல்லுவாள். சாமானைக் கூட்டிச் சொல்லமாட்டாள். போலி பட்டரியைப் போலி என்று சொல்லித்தான் விற்பாள். “ரெண்டு மாசம் ஓடும், மூணாவது மாசம் என்னை ஏசுவீங்க, இப்பவே ஏசிட்டுப் போங்க” என்பாள். அந்த வாயால் யானைக்காகவும் சொன்னாள். போடுங்க, பத்திரமாப் போகும்.

அதைக் கேட்டுப் போட்டவர்களில் ஒருவர் சரோஜினிதேவி டீச்சர்.

டீச்சர் பாமன்கடையில் தனியாக இருப்பவர். படிப்பித்து ஓய்வுபெற்றவர். கணவர் சவுந்தரநாயகம் புதுக்கடை நீதிமன்றங்களில் ஒரு சட்டத்தரணியிடம் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்து, சென்ற வருடம் காலமானார். முதலாண்டு ஆட்டைத்திவசம் முடிந்த கையோடு டீச்சர் அவருடைய போனைக் கொண்டுவந்து யானையின் வாயில் போட்டார். பட்டரி ஊதிப்போய், மூடி பிளந்து, உயிரில்லாமல் கிடந்த போன். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை.

“பிள்ளை, அந்த போன் எனக்குத் திரும்ப வேணும்.”

“என்ன டீச்சர் திடீரெண்டு?”

“மகள் கனடாவில இருந்து கதைச்சவள். அப்பாட போன் எங்கயெண்டு கேட்டாள். குடுத்திட்டன் எண்டன். கத்தத் தொடங்கிட்டாள்.” டீச்சர் கதிரையின் விளிம்பில் இருந்தார். “அவருக்கு ஒரு பழக்கம் இருந்ததெல்லே. கோட்டில வேலை செய்தவர். ஆர் போன் எடுத்தாலும் எல்லாத்தையும் ரெக்கோர்ட் பண்ணுவார். பிறகு ஆரும் இல்லையெண்டு சொல்லக்கூடாதாம்.”

“எல்லாருட கோலுமா?”

“எல்லாம். மீன்காரன், தண்ணி போர்ட், உங்கட இந்தக் கம்பனி, நான். நானும் அவரும் சண்டை பிடிச்சதெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்குது. வீட்டில ஒரு கலியாண வீடியோ இருக்கு. அதில மனுசன் வாயே திறக்கேல்ல. அவற்ற குரல் வேற எங்கயும் இல்லைப் பிள்ளை. பட்டரி மாத்தினா எடுக்கலாமாம், மகள் சொல்லுறாள். எனக்குத் தெரியாமப் போச்சு.”

கைருன்னிஸாவுக்குத் தெரிந்திருந்தது. பட்டரி ஊதின போனுக்குள்ளும் எல்லாம் அப்படியே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் கடையில் நெரிசல். கேட்காமல், ‘போடுங்க டீச்சர், பத்திரமாப் போகும்’ என்று சொன்னது அவள் வாய்.

ஜொனாதனுக்குப் போன் அடித்தாள்.

“நோ ப்ரொப்ளம் அன்ரி, நம்பரைச் சொல்லுங்க.” விசைப்பலகை தட்டுகிற சத்தம். “ஆ, இது கம்ப்ளீட். முந்தாநாள் உருக்கியாச்சு. நூறு வீதம் மெட்டீரியல் ரிக்கவரி. சேர்டிபிகேட்டும் டீச்சருக்கு அனுப்பியிருக்கு பாருங்க.”

டீச்சர் தன் போனைத் திறந்து காட்டினார். வந்திருந்தது. தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ். சரோஜினிதேவி அவர்கள் தனது கருவியைப் பொறுப்புடன் மீள்சுழற்சி செய்து, ஒரு மரத்தின் மூன்றிலொரு பங்கைக் காப்பாற்றியுள்ளார்.

“மரத்தில எந்தப் பங்கு தம்பி? வேரா, கிளையா?” என்று கேட்டாள் கைருன்னிஸா.

“அன்ரி, அது ஒரு ஈக்குவலன்ட்.”

“சரி, உருக்கினதெண்டு செல்றீங்க. அப்ப இந்தப் புள்ளி ஏன் ஓடுது?”

டீச்சரின் போனில் பச்சைப் புள்ளி உண்மையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிழமையாக அது ஓடிய ஓட்டம் முழுவதும் வரைபடத்தில் நூல் மாதிரிக் கிடந்தது. கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, புதுக்கடை, கொலன்னாவை. ஞாயிறு காலை ஒரு தேவாலய வாசலில் ஒன்றரை மணித்தியாலம். அன்று பின்னேரம் கடற்கரையில்.

“மனுசன் உயிரோட இருக்கேக்க கூட இவ்வளவு ஊர் சுத்தேல்லப் பிள்ளை,” என்றார் டீச்சர்.

ஜொனாதன் அந்தப் பக்கத்தில் தொண்டையைச் செருமினான். “புள்ளியைப் பெரிசா எடுக்க வேணாம் அன்ரி. அது கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸுக்கு. சேர்டிபிகேட்தான் உண்மை.”

போனை வைத்துவிட்டான். கைருன்னிஸா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளி பம்பலப்பிட்டியைக் கடந்து தெற்கே வந்தது. வெள்ளவத்தைக்குள் நுழைந்தது. சந்தையடியில் கொஞ்சம் நின்றது. பிறகு மெல்ல மெல்ல அவளுடைய கடையை நோக்கியே வரத் தொடங்கியது.

“டீச்சர், எழும்புங்க!”

இருவரும் வீதிக்கு ஓடினார்கள். புள்ளி கடையின் நேர் எதிரே நின்றது. அங்கே ஒரு சிவப்பு ஓட்டோ. சாரதி கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தான். கைருன்னிஸா நேரே போய்ப் பின் இருக்கையைத் தூக்கினாள்.

“அக்கே! என்ன செய்றீங்க?”

இருக்கைக்கு அடியில், டேப் சுற்றிய, தீப்பெட்டி அளவு பச்சைக் கருவி. சிலோனெட்ராவின் இலைச் சின்னத்தோடு.

“இது எங்க எடுத்த மல்லி?” என்று சிங்களத்தில் தம்பிமாரை அழைக்கிற சொல்லால் கேட்டாள்.

“களவு இல்ல அக்கா! சல்லி குடுத்து வாங்கின.” பேர் பேதுரு என்றான். ஓட்டோவை இரவில் மச்சானுக்குக் கொடுப்பானாம். மச்சான் எங்கெங்கே போகிறான் என்று பார்க்கத்தான் கருவியாம். “கொட்டாஞ்சேனைல நபீஸ் நானாட பழைய சாமான் யாட்ல விக்கிறாங்க. எங்கட ஸ்டாண்ட்ல எல்லார்ட்டயும் ஒண்டு ஈக்கு. பழைய போன் மூட்டைக்குள்ள வருதாம். அந்த மூட்டைல வேலை செய்ற சாமான் இது ஒண்டுதான் எண்டு நானா சொன்னார்.”

கைருன்னிஸாவுக்குச் சிரிப்பு வந்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். பூமியைக் காக்க வந்த தொழில்நுட்பம் கொட்டாஞ்சேனையில் மச்சான்மாரைக் காவல் காக்கிறது.

“நபீஸ்ட யாட்டுக்கு விடு,” என்று கடையைப் பூட்டிவிட்டு ஏறினாள்.

வழியெல்லாம் டீச்சருக்குப் பாடம் நடந்தது.

“உள்ள போனா நீங்க வாய் திறக்க வாணாம் டீச்சர். போனைக் கண்டாலும் காணாத மாதிரி நில்லுங்க. உங்கட முகம் மலர்ந்தா அவன் விலை ஏத்துவான். நான் வேற சாமானுக்கு விலை பேசிப் பேசி, கடைசில அதைக் கொசுறா கேட்டு எடுக்கிறேன்.”

“பொய் சொல்லச் சொல்லுறீரோ?”

“பொய் இல்ல. சும்மா நிக்கிறது.”

“சும்மா நிக்கிறதும் ஒரு பொய்தான் பிள்ளை,” என்றார் டீச்சர். ஆனாலும் தலையாட்டினார்.

நபீஸின் யாட் ஒரு பழைய களஞ்சியத்தின் பின்புறம். போன், கணினி, அச்சு இயந்திரம், வயர் என்று ஆள் உயரத்துக்குக் குவியல். மூலையில் ஒரு தகர பீப்பாவுக்குள் வயர்கள் எரிந்துகொண்டிருந்தன. செம்பு மிஞ்சட்டும் என்று மேலே உள்ள றப்பரை எரிக்கிறார்கள். கறுத்த புகை மதிலைத் தாண்டிப் போய், அடுத்த வளவில் யாரோ காயப்போட்டிருந்த பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளில் படிந்தது. தொண்டையில் ஒரு கசப்பு ஒட்டியது. டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார்.

“வாங்க தாத்தா!” என்றான் நபீஸ், அக்காமாரை அழைக்கிற முறையில். பெருத்த உடம்பு, சின்னக் கதிரை. “வெள்ளவத்தை இங்கால வந்தீக்கி. மழைதான் வரப்போகுது.”

“எங்கட யானை தின்டதெல்லாம் ஒண்ட வயித்துலயா நபீஸ் ஈக்கி?”

“எனக்கு நேரா வாரல்ல. கம்பனி ஒரு பெரிய ரீசைக்ளிங் கம்பனிக்குக் குடுக்கும். அவங்க படம் புடிச்சிட்டு சின்னக் கம்பனிக்குக் குடுப்பாங்க. சின்னக் கம்பனி எனக்கு நிறுத்துத் தரும். கை மாற மாற ஒவ்வொருத்தருக்கும் ஒரு சேர்டிபிகேட். எனக்கு மட்டும் சேர்டிபிகேட் இல்ல, புகை.”

“இந்தப் புகையைக் குடிச்சா அந்தப் பக்கத்துப் புள்ளைகள் என்ன ஆகும்?”

“தெரியும் தாத்தா. என்ட புள்ளையளும் இந்த லேன்லதான். எரிக்காம உரிக்கிற மெசின் ஒண்டு ஈக்கி. கம்பனிக்கு மூணு தரம் செல்லிப் பாத்தேன். மெசினுக்கு பட்ஜெட் இல்லையாம். யானைக்கு பட்ஜெட் ஈந்திச்சி.”

கைருன்னிஸா வேலையைத் தொடங்கினாள். சார்ஜர் மூட்டை ஒன்றைக் காலால் தள்ளினாள். குப்பை என்றாள். அரைவாசி எரிந்தது என்றாள். இதை எடுத்துக்கொண்டு போவதே உனக்குச் செய்கிற உபகாரம் என்றாள். நபீஸ் தன் பங்குக்கு நெஞ்சில் கை வைத்தான், மேலே பார்த்தான், இந்த விலைக்குக் கொடுத்தால் வீட்டில் சோறு கிடைக்காது என்றான். இரண்டு பேரும் நன்றாக அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்,

“ஐயோ, இந்தா கிடக்குது!”

டீச்சர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு போனைத் தூக்கிப் பிடித்தார். பின் மூடியில் கறுப்பு மையில், லிகிதர்மாரின் அந்த அச்சுப் பிசகாத எழுத்தில்: வே. சவுந்தரநாயகம், புதுக்கடை. கண்டெடுத்தவர் ஒப்படைக்கவும்.

கைருன்னிஸா கண்ணை மூடிக்கொண்டாள். நபீஸ் போனைப் பார்த்தான். பிறகு டீச்சரைப் பார்த்தான்.

“ஆருட?”

“என்ர மனுசன்ர. செத்துப்போனார் தம்பி. அவற்ற குரல் இதுக்குள்ள இருக்கு. என்ன விலையெண்டாலும் சொல்லும், தாறன்.”

இப்படி ஒரு வசனத்தைக் கொட்டாஞ்சேனை யாட் ஒன்றில் அதற்குமுன் ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நபீஸ் கதிரையிலிருந்து எழும்பினான்.

“மவுத்தானவங்கட சாமானுக்கு நான் விலை பேசுறல்ல டீச்சர். கொண்டு போங்க.”

டீச்சர் கும்பிட்டார். அவர் வாசலுக்குப் போகும்வரை காத்திருந்து, கைருன்னிஸாவின் பக்கம் திரும்பி, சார்ஜர் மூட்டைக்கு முதலில் சொன்னதைவிட இரண்டு மடங்கு விலை சொன்னான். அவளும் வாய் திறக்காமல் கொடுத்தாள். எரிந்த சார்ஜர்கள் ஒரு மூட்டை. அவளுக்கு எதற்கும் ஆகாது.

கடைக்குத் திரும்பியதும் பழைய பட்டரியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினாள். நல்ல பட்டரி, போலி அல்ல. டீச்சர் பர்சிலிருந்து ஒரு சிம்மை எடுத்துக் கொடுத்தார். கணவரின் நம்பர். வேறு யாருக்கும் போய்விடக்கூடாது என்று ஒரு வருடமாக அதற்கு ரீலோட் போட்டு வந்திருக்கிறார். போன் மெல்ல நடுங்கி, வெளிச்சம் வந்து, சிலோனெட்ராவின் இலைச் சின்னத்தைக் காட்டியது. டீச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

கடவுச் சொல் கேட்டது. டீச்சர் தன் பிறந்த திகதியைப் போட்டார், திறக்கவில்லை. மகளின் பிறந்த திகதி, திறக்கவில்லை. “பொறும், அவற்ற முதல் கேஸ் நம்பர் ஏதோ சொல்லுவார்,” என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிளேன்டீ வரவழைத்தாள் கைருன்னிஸா. அது ஆறுவதற்குள் வாசலில் ஒரு பெரிய ஜீப் வந்து நின்றது. ஆள் ஒருவன், ஜீப் எட்டுப் பேருக்கானது. எஞ்சினை நிறுத்தாமல், ஏசி ஓட, ஜொனாதன் இறங்கி வந்தான்.

உருகிவிட்டதாகச் சான்றிதழ் பெற்ற போன் கம்பனியின் சொந்த நெட்வேர்க்கிலேயே மூச்சு விட்டால், எங்கோ ஒரு திரையில் சிவப்பாக எரியும்போலிருக்கிறது.

“அன்ரி, இந்த போன் இப்ப இருக்கவே ஏலாது. சிஸ்டத்தில உருகிட்டுது.”

“சிஸ்டத்துல மவுத்தாகிட்டா, நேரா கபுறுல போய்ப் படுக்கணுமா?”

“விளையாட்டில்ல அன்ரி. நாளைக்கு வெளிநாட்டு பேங்க்கில இருந்து கணக்குப் பாக்க ஓடிட் வருது. இப்படி ஒண்டு வெளியில வந்தா, மற்ற சேர்டிபிகேட் எல்லாத்தையும் தோண்டுவாங்கள்.”

“மற்றதெல்லாம் எப்பிடி?”

ஜொனாதன் கூரையைப் பார்த்தான். “பை போய்ப் பத்து நாளில சேர்டிபிகேட் தானா அடிச்சிடும். அப்பிடித்தான் செட் பண்ணியிருக்கு.”

“அப்ப நபீஸ்ட யாட்டு?”

“எனக்கு ஒரு நபீஸையும் தெரியாது.” கொழும்பு பதின்மூன்றில் பிறந்தவன் அந்தப் பெயரைச் சொல்லும்போது கொட்டாஞ்சேனைக்காரனாகவே சொன்னான். பிறகு பையைத் திறந்து ஒரு பெட்டியை மேசையில் வைத்தான். புத்தம் புதிய போன். இந்த மாதம்தான் இறங்கியது. “இது டீச்சருக்கு. பழையதைத் தந்தாப் போதும்.”

அந்தப் பெட்டி மேசையில் பட்ட சத்தம் கைருன்னிஸாவின் காதுக்குள் வேறு எங்கோ போய் விழுந்தது. எதிரில் அவசரக்காரன். நாளைக்கு முடியவேண்டிய அலுவல். கையில் உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காத சாமான். இப்படி ஒரு சந்தர்ப்பம் அவள் வாப்பாவுக்குக்கூட வாழ்நாளில் வாய்த்ததில்லை.

“இதா? இதுட கலரைப் பாருங்க. பெரிய மொடல் இல்லையா?”

“தரலாம்.”

“மூடி? கண்ணாடிக்கு மேல ஒட்டுறது?”

“தாறம் அன்ரி.”

“டீச்சருக்கு மகள் கனடாவுல. வெளிநாட்டுக் கோல்?”

“ஒரு வருசம் ஃப்ரீ.”

“ரெண்டு.”

“சரி, ரெண்டு!”

“எண்ட கொமிஷன் போன வருசம் குறைச்சீங்க. அதையும் பழைய மாதிரிப் போடணும். வாசல் போர்டும் புதுசா.”

ஜொனாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். “போட்டுத் தாறம். போர்டும் தாறம்.” கைருன்னிஸாவுக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு. இன்னும் இறங்குவான், அடிமட்டம் இன்னும் வரவில்லை, கண்ணிலே தெரிகிறது. யானையை எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு ஒரு ஏசி கேட்கலாமா என்று வாயைத் திறந்தாள்.

“பிள்ளை.”

டீச்சரின் குரல் உயரவில்லை. வகுப்பில் பின் வாங்கில் கதைக்கிற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“நான் இதை விக்கவே வந்தனான்?”

கைருன்னிஸாவின் வாய் திறந்தபடியே நின்றது. ஏசி என்ற சொல் நாக்கில் அப்படியே கிடந்தது. அவள் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பேரத்தின் நடுவில் அவள் தலை குனிந்தது அதுதான் முதல் தரம்.

பெட்டியை மெல்ல ஜொனாதன் பக்கமாகத் தள்ளினாள்.

“கொண்டு போங்க தம்பி. சாமான் விலைக்கு இல்ல.”

“அன்ரி, இவ்வளவு நேரம் விலை பேசினீங்களே!”

“எண்ட சாமான் எண்டு நெனச்சிக் கதைச்சிட்டேன்.”

டீச்சர் அதற்குள் போனில் நாலு இலக்கங்களை அழுத்தியிருந்தார். திறந்துவிட்டது. பட்டியல் நீண்டு போனது. அவர் விரல் போய் விழுந்த இடத்தில் ஒரு கரகரத்த குரல் கடை முழுவதையும் நிரப்பியது.

“...சரோ, வெண்டிக்காய் எல்லாம் முத்தல். முறிச்சுப் பாத்தனான். வாங்கட்டோ, வேண்டாமோ? பிறகு வீட்ட வந்தாப் பிறகு என்னைக் கத்தக்கூடாது. நான் இப்ப கேட்டது இதில பதிஞ்சிருக்கு.”

“முத்தலெண்டா ஏன் கேக்கிறியள்?” என்றது ஒரு வருடத்துக்கு முந்திய டீச்சரின் குரல்.

“முத்தலெண்டா ஏன் கேக்கிறியள்?” என்றார் கதிரையிலிருந்த டீச்சரும் கூடவே. சிரித்தாரா அழுதாரா என்று சொல்லமுடியவில்லை. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிவிட்டார்.

ஜொனாதன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஒரு கணம் அவன் முகத்தில் மனிதக் களை வந்து போனது. பிறகு அவன் கண்கள் சட்டென்று மின்னின. தன் போனை எடுத்து எதையோ வேகமாக அழுத்தினான்.

“அன்ரி! ப்ரொப்ளம் சொல்வ்ட்!”

“என்ன?”

“‘உருகியது’ எண்டதை எடுத்திட்டு ‘மீள்பயன்பாடு’ எண்டு போட்டிட்டன். ரீயூஸ்! உருக்குறதை விட அதுக்குத்தான் கூட மார்க்ஸ். கம்பனி ஒரு பழைய போனைத் திருத்தி உரியவரிட்டயே சேர்த்திருக்கு. ஓடிட்டர்ஸ்க்கு முதல் ஸ்டோரியே இதுதான். டீச்சரோட ஒரு ஃபோட்டோ மட்டும் எடுக்கலாமா?”

கைருன்னிஸா அவனைப் பார்த்தாள். புறக்கோட்டையில் அவள் பார்த்த பெரிய கெட்டிக்காரன்கள், அளவுகோலில் விரலை வைத்து விற்றவர்கள், நனைத்து நிறுத்தவர்கள் எல்லோரும் வரிசையாக நினைவில் வந்தார்கள். ஒருவனும் இவன் கால்தூசிக்கு ஈடாகமாட்டான். அவர்களாவது களவு செய்யும்போது களவு என்று தெரிந்து செய்தார்கள். இவனுக்கு மெய்யாகவே சந்தோஷம்.

“ஃபோட்டோ இல்ல தம்பி. ஆள் கோல்ல ஈக்கிறா.”

அப்போதுதான் வாசலில் ஒரு பையோடு இளம் பெண் ஒருத்தி வந்து நின்றாள். பக்கத்து ஒழுங்கையில் புதிதாகக் குடிவந்தவள், பெயர் றிப்னா. பைக்குள் இரண்டு பழைய போன்கள். யானையின் வாயைப் பார்த்தாள், கைருன்னிஸாவைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, இதுக்குள்ள போட்டா பத்திரமாப் போகுமா? எல்லாரும் உங்களைக் கேட்டுட்டுப் போடச் சொன்னாங்க.”

ஜொனாதன் கைருன்னிஸாவின் முகத்தைப் பார்த்தான். மெல்லச் சிரித்து, தலையை ஒரு சின்ன அளவு ஆட்டிக் காட்டினான். சொல்லுங்க அன்ரி என்று.

“போடலாம் மகள்,” என்றாள் கைருன்னிஸா. “கொட்டாஞ்சேனைல நபீஸ்ட யாட்டுக்குப் போகும். அவன் விக்க ஏலுமானதை வித்துட்டு மிச்சத்தை எரிப்பான். பக்கத்து வளவுல புள்ளைகள் ஈக்கிறாங்க. அட்ரஸ் எழுதித் தரட்டா?”

றிப்னா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே போனாள். வெளியே ஜீப் இன்னும் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே சவுந்தரநாயகம் வெண்டிக்காய்க்காரனிடம் விலை குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.